நகர்ந்தது காந்தமா, கம்பியா?

கம்பிச் சுருள் ஒன்றை மேஜைமேல் வைத்து, அதனுள் ஒரு காந்தத்தைச் செருகுங்கள். செருகும்போது கம்பியில் மின்சாரம் ஓடும். இதை இங்கிலாந்து விஞ்ஞானி பாரடே 1831-ல் கண்டுபிடித்தார்.

இப்போது காந்தத்தை அசைக்காதீர்கள். சுருளை அதே வேகத்தில் காந்தத்தை நோக்கி நகர்த்துங்கள். அப்போதும் அதே அளவு மின்சாரம்தான்!

ஆனால் பண்டிதர்கள் இதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். காந்தம் நகர்ந்தால், புதிதாக ஒரு மின்சக்தி பிறந்து கம்பியில் மின்சாரத்தைத் தள்ளுகிறதாம். கம்பி நகர்ந்தால், காந்த சக்தியே தள்ளுகிறதாம். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் விடை ஒன்றே. "விடைதான் சரியாக வருகிறதே!" என்று பலரும் திருப்தி அடைந்தார்கள்.

26 வயது வாலிபர் ஒருவர் திருப்தி அடையவில்லை. அவர்தான் ஐன்ஸ்டீன். அப்போது அவர் பேராசிரியர் அல்ல. சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரில், புதுக் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் ஆபீசில் மூன்றாம் தர உத்தியோகம் பார்த்தார்.

காந்தத்தின்மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால், "கம்பிதான் வருகிறது" என்று சொல்லும். கம்பியின்மேல் இருக்கும் எறும்போ, "காந்தம்தான் வருகிறது" என்று சொல்லும். இரண்டும் சொல்வது சரிதான். அப்படி இருக்க, ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு காரணம் எதற்கு?

1905-ல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, இந்தக் காந்தப் புதிரோடுதான் தொடங்குகிறது. ஒரே சீராக ஓடுகிறவர் எல்லோருக்கும் இயற்கையின் சட்டம் ஒன்றே; ஒளியின் வேகமும் ஒன்றே என்றார் அவர். அதிலிருந்து ஓர் அதிசயம் கிளம்பியது. வேகமாக ஓடும் கடிகாரம், நிற்கும் கடிகாரத்தைவிட மெதுவாக நடக்கும்!

மனத்தில் செய்யும் சோதனைக்குக் காசு வேண்டாம். ஆனால் உலகம் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சியும் கிடைத்தது. 1971-ல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். தரையில் இருந்த கடிகாரங்களோடு அவை ஒத்துப்போகவில்லை. வேகத்தையும் புவி ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்த வித்தியாசம் பொருந்தியது. இன்று செல்போனுக்கு வழி காட்டும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்களும் இந்தக் கணக்கின்படியே திருத்தப்படுகின்றன. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரம் 300 மீட்டர் பிசகிவிடும்.

விடை சரி என்பதால் கேள்வி முடிந்துவிடாது. "கணக்கு வந்துவிட்டது. ஆனால் ஏன் அப்படி?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கலாம். "அதிகப்பிரசங்கி!" என்று அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் என்ன? பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் யோசியுங்கள்!