சாக்கெட் பெயர் ஒன்றுதான்... ஆனாலும் புராசஸரை மாற்ற முடியாது, ஏன்? விண்டோஸ் 11-க்கு மாற நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மயிலாப்பூர் லஸ் முனை, கச்சேரி சாலை பக்கம் போனால் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம் எனப் பலவற்றைப் பார்க்கலாம். இதுபோன்ற இடங்களில் எட்டு, ஒன்பது வருடம் ஆன கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். பேஜ்மேக்கரும் டேலியும் ஓடினால் போதும், புதுசு எதுக்கு என்பதுதான் பலரின் கணக்கு.

அந்தக் கணக்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மாறியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், பழைய புராசஸர்களை அது ஏற்பதில்லை. இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, சில விதிவிலக்குகள் தவிர இதுதான் குறைந்தபட்சத் தகுதி.

அடுத்து மனதில் வரும் கேள்வி இதுதான்: "புராசஸரை மட்டும் மாத்திட்டா போதுமா?" திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடப்பதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் பதில் உங்கள் மதர்போர்டில் உள்ள சாக்கெட்டில் இருக்கிறது.

சாக்கெட் என்றால் என்ன?

மதர்போர்டில் புராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். மின்சாரம், ரேம், கிராபிக்ஸ் கார்டு என எல்லாத் தொடர்பும் இதன் வழியாகத்தான் புராசஸருக்குப் போகிறது. இன்டெல் சாக்கெட் பெயரில் உள்ள எண், தொடர்புப் புள்ளிகளின் எண்ணிக்கை. எல்ஜிஏ 1151 என்றால் 1,151 புள்ளிகள். எண் வேறு என்றால் சிப் பொருந்தாது. ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஒரே எண், ஆனாலும் ஏன் பொருந்தவில்லை?

2017 ஜனவரியில் இன்டெல்லின் 7-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் வந்தன. ஒன்பதே மாதத்தில், அதே ஆண்டு அக்டோபரில், 8-ம் தலைமுறை வந்தது. இரண்டுக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151தான். ஆனால் 8-ம் தலைமுறை சிப்புக்கு 300 வரிசை சிப்செட் கொண்ட புதிய போர்டு வேண்டும் என்று இன்டெல் சொல்லிவிட்டது. கோர்களின் எண்ணிக்கை கூடியதால் மின்சாரம் தரும் பின்களின் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது என்பது அந்நிறுவனம் சொன்ன காரணம்.

சில ஆர்வலர்கள் பழைய போர்டின் பயாஸை மாற்றியமைத்து 8-ம் தலைமுறை சிப்பை ஓட்டிக் காட்டினார்கள். 'முடியாது' என்பதைவிட 'அனுமதி இல்லை' என்பதுதான் உண்மை என்ற விமர்சனம் அதனால் எழுந்தது. ஆனால் தினமும் கடை நடத்த வேண்டிய மெஷினில் அந்த வித்தையை நம்ப முடியாது.

இதன் விளைவு நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, தன் எல்லைக்கோட்டை 7-ம், 8-ம் தலைமுறைகளுக்கு நடுவில் போட்டது. போர்டு மாறியதும் அதே இடத்தில்தான். அதாவது 2017-ல் எச்110 போர்டும் ஐ3-7100 புராசஸரும் வாங்கியவர், அதே போர்டில் போடக்கூடிய உயர்ந்த சிப்களில் ஒன்றான ஐ7-7700-ஐ வாங்கிப் போட்டாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி கிடைக்காது. இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் விழுந்ததால், 'புராசஸர் மட்டும்' என்ற வழியே அவருக்கு அடைபட்டுப் போனது.

ஏஎம்டி வாங்கியவர்களுக்கு எப்படி வழி கிடைத்தது?

அதே 2017-ல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 3 1200 வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். அந்தச் சிப்புக்கும் விண்டோஸ் 11 அனுமதி இல்லை. ஆனால் 2022-ல் வந்த ரைசன் 5 5500 வரை அதே சாக்கெட்டில்தான் உட்காருகிறது. போர்டு தயாரிப்பாளர் பயாஸ் அப்டேட் தந்திருந்தால், பழைய போர்டு, பழைய ரேமோடு அவர் விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம்.

இதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. ரைசன் 5000 வரிசை சிப்களுக்கு 500 வரிசை போர்டுதான் வேண்டும் என்று 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது. வாடிக்கையாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 400 வரிசை போர்டுகளுக்கு இறங்கி வந்தது. 2022-ல்தான் முதல் தலைமுறையான 300 வரிசைக்கும் கதவு திறந்தது.

நீண்ட ஆயுளுக்கும் விலை உண்டு. பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு வெறும் 16 எம்பி. அத்தனை தலைமுறை சிப்களின் விவரமும் அதில் அடங்காது. அதனால் சில அப்டேட்கள் புதிய சிப்பைச் சேர்க்கும்போது பழையதை நீக்கிவிடுகின்றன.

சாக்கெட்டை ஏன் மாற்றுகிறார்கள்?

தொழில்நுட்பக் காரணம் இல்லாமல் இல்லை. புதிய வகை ரேம், வேகமான பிசிஐஇ இணைப்பு, கூடுதல் மின்சாரம் ஆகியவற்றுக்குப் புதிய இணைப்புகள் தேவை. ஏஎம்டியும் டிடிஆர்5 ரேமுக்காக 2022 செப்டம்பரில் ஏஎம்5-க்கு மாறியது. ஆனால் புதிய சாக்கெட் என்றால் புதிய போர்டும் சிப்செட்டும் விற்கும் என்ற வியாபாரக் கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது.

செலவு எங்கே கூடுகிறது?

போர்டு மாறினால் அதோடு நிற்காது. ஏஎம்5, இன்டெல்லின் எல்ஜிஏ 1851 இரண்டும் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். கையிலிருக்கும் டிடிஆர்4 ரேம் வீண். எல்ஜிஏ 1700-ல் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளியே மாறியதால், பழைய கூலருக்குத் தனி பிராக்கெட் தேவைப்படலாம்.

இதில் ரேம்தான் இப்போது பெரிய தலைவலி. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியில் உலகம் முழுக்க ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் 'குரூஷியல்' நுகர்வோர் பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே பழைய ரேமைக் காப்பாற்றும் வழிதான் பாக்கெட்டையும் காப்பாற்றும்.

என்ன செய்யலாம்?

* முதலில் புராசஸர் பெயரோடு மதர்போர்டு மாடலையும் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் இணையதளத்தில் அந்த மாடலுக்கான சிபியு ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லாத சிப்பை யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

* 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருந்தும் விண்டோஸ் 11 ஏறவில்லையா? பயாஸில் டிபிஎம் வசதி ஆஃப் ஆகியிருக்கலாம். காசு செலவில்லாமல் வேலை முடியும்.

* ஏஎம்4 போர்டு என்றால், பழைய சிப் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடலாம், யுபிஎஸ் அவசியம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 5600ஜி போன்ற 'ஜி' வகைச் சிப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

* 7-ம் தலைமுறை இன்டெல்லும் டிடிஆர்4 ரேமும் இருந்தால், டிடிஆர்4 ஏற்கும் எல்ஜிஏ 1700 போர்டு, ஏஎம்4 போர்டு அல்லது 300 வரிசை செகண்ட்ஹேண்ட் போர்டு ஆகியவற்றில் ஒன்றை, பொருந்தும் சிப்போடு சேர்த்து வாங்கலாம்.

* இப்போது பணம் இல்லை என்றால், தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணம் இல்லாமலும் சேரலாம்.

"தகுதி இல்லாட்டி என்ன, நான் போட்டுத் தரேன்" என்று சுற்றுவழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருபவர்களும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வாடிக்கையாளர்களின் ஆதாரும் வங்கி விவரமும் வந்துபோகும் மெஷினில் அந்த ஆபத்தை எடுப்பது சரியல்ல.

புதிதாக வாங்குபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வேகம், விலை இரண்டையும் கேட்ட பிறகு, "இந்த போர்டுல அடுத்த தலைமுறை சிப் உட்காருமா?" என்ற மூன்றாவது கேள்வியையும் கேட்க வேண்டும். ஏஎம்5-ஐ 2027-க்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்ஜிஏ 1700 மூன்று தலைமுறைகளைப் பார்த்த நிலையில், 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851-க்கு இன்டெல் மாறிவிட்டது. 2017-ல் இந்தக் கேள்வி யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. அன்று ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்கு இன்று புது புராசஸர் போதும், இன்னொன்றுக்கு போர்டையே மாற்ற வேண்டும்.