யூராவில் கேட்ட கேள்வி

எங்கட ஆக்கள் நாலு பேர் கூடி அரசியல் கதைத்தால் கடைசியில் சுவிஸ் வந்து நிற்கும். நாலு மொழி, 26 மாநிலம், ஏழு மந்திரிமார், வருசத்துக்கு ஒரு சனாதிபதி. "இதை அப்படியே அங்கையும் செய்தால் என்ன?" வந்த புதிதில் நானும் இப்படித்தான் கதைத்துத் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்பவர்களிடம் யூரா பற்றித் தெரியுமா என்று கேட்கிறேன். அநேகமானோருக்குத் தெரியாது.

பாசலில் ரெயின் ஏறி டெலெமோ பக்கம் போனால் பியர்ஸ் ஆற்றோடு சுண்ணாம்புக்கல் மலைகளுக்குள்ளால் போகலாம். அல்ப்ஸ் மாதிரிப் பனிமுடி இல்லை. காடும் மேய்ச்சல் நிலமும்தான். (டைனோசர் காலத்துக்கு யுராசிக் என்று பேர் வந்ததே இந்த யூரா மலையால்தான்.)

1815இல் வியன்னாவில் கூடிய பெரிய நாடுகள் இந்தப் பகுதியைப் பேர்ண் மாநிலத்தோடு சேர்த்துவிட்டன. அங்குள்ள சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. பேர்ணில் பெரும்பான்மை ஜேர்மன். இவர்கள் பிரெஞ்சு. வடக்கில் கத்தோலிக்கர், தெற்கில் புரட்டஸ்தாந்தர். 1960களில் தீவைப்பும் குண்டும்கூட நடந்தது. சுவிஸ் எப்போதும் சமாதான பூமி என்பதெல்லாம் வெளியில் இருந்து பார்ப்பவர் கதை.

1974 ஜூன் 23இல் யூரா முழுவதற்கும் வாக்கெடுப்பு வைத்தார்கள். பிரிவோம் என்பது வென்றது. அதோடு விட்டார்களா? இல்லை. 1975இல் தெற்கு மாவட்டங்களைத் தனியாகக் கேட்டார்கள். நாங்கள் பேர்ணோடுதான் என்று அவை சொல்லிவிட்டன. பிறகு எல்லையோரக் கிராமங்களைக் கிராமம் கிராமமாகக் கேட்டார்கள். 1978இல் முழு நாடும் வாக்களித்து ஏற்றுக்கொண்டது. 1979 சனவரி 1இல் யூரா மாநிலம் பிறந்தது. தெற்கு இல்லாமல்தான்.

தெற்கில் மூத்தியே என்று ஒரு சின்னப் பட்டினம். 2017இல் யூராவுக்குப் போவோம் என்று 137 வாக்கு வித்தியாசத்தில் சொன்னது. முறைகேடு என்று அந்த முடிவை ரத்துச் செய்தார்கள். 2021இல் திரும்பக் கேட்டார்கள். இந்த முறை வித்தியாசம் இன்னும் கூட. 2026 சனவரி 1இல் மூத்தியே யூராவோடு சேர்ந்தது.

எனக்கு இதில் உறைப்பது தெற்கு சொன்ன 'வேண்டாம்'தான். ஒரே மொழி பேசும் சனம் இப்படிச் சொன்னது வடக்குக்கு எவ்வளவு கசந்திருக்கும்! ஆனாலும் அந்தக் கோட்டோடுதான் மாநிலத்தைத் தொடங்கினார்கள்.

எங்களிடமும் அப்படி ஒரு வாக்கெடுப்பு எழுத்தில் இருந்தது. 1987 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி, வடக்கோடு சேர்ந்திருப்பதா என்று 1988 முடிவதற்குள் கிழக்கு மக்களைக் கேட்டிருக்க வேண்டும். தள்ளித் தள்ளிக் கடைசிவரை கேட்கவில்லை. 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு இணைப்பும் போனது. கொழும்பைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். ஆனால் கேட்டிருந்து, காத்தான்குடியும் சம்மாந்துறையும் 'வேண்டாம்' என்றிருந்தால் நாங்கள் அந்தக் கோட்டை ஏற்றிருப்போமா?

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் இதைக் கேட்டேன். ஒரு அண்ணை, "தம்பி, உது வேற, இது வேற" என்றார். என்ன வேற என்று கேட்க முதல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழும்பிப் போய்விட்டோம்.