மேகத்திற்கும் முதலாளி உண்டு!

தலைவன் இல்லை, தரகன் இல்லை, தனி உடைமைக்காரன் இல்லை. எவரையும் நம்பத் தேவையில்லை, எவராலும் திருத்தவும் முடியாது – அத்தகையதோர் அற்புதக் கணக்கேடு கண்டுபிடித்துவிட்டோம், காண வாரீர் என்று முரசறைகின்றனர் சிலர். பிளாக்செயின் என்பது அதன் பெயர். 'நம்பாதே, சோதித்துப் பார்' என்பது அவர்தம் முழக்கம். முழக்கம் நமக்கு இனிக்கிறது! சோதித்துப் பார் என்பாரைச் சோதித்துப் பார்ப்பதினும் பெரிய மரியாதை அவர்கட்கு நாம் வேறென்ன செய்துவிட முடியும்?

அந்த ஏட்டைத் தாங்கி நிற்கும் கணினிகளை நிறுவி, காத்து, பழுது நீக்கி, இரவென்றும் பகலென்றும் பாராது விழித்திருக்கும் மென்பொருள் பொறியாளர் கூட்டத்தினர் நாம். மாடியில் நின்று மாளிகையின் எழிலைப் பாடுவோர் வேறு. அடித்தளத்தில் நின்று விரிசலை எண்ணுவோர் நாம். எண்ணியதைச் சொல்கிறோம்.

தத்துவத்தைப் பழிக்கவில்லை. 2008 அக்டோபர் 31-இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த கட்டுரை, 2009 சனவரி 3-இல் பிட்காயின் ஏட்டின் முதற் கட்டமாக உருப்பெற்றது. ஒரே கணக்கின் படிகள் பல்லாயிரவர் கையில். ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தியதன் அடையாளத்தைத் தன்னுள் பதித்திருக்கும். ஒருவன் திருத்தினால் மற்றவர் படிகள் காட்டிக் கொடுத்துவிடும். அறிவார்ந்த ஏற்பாடு, ஐயமில்லை.

ஆனால் அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன? படியொன்றைக் காத்து நடத்தும் கணினிக்கு ஓயாத மின்சாரம் வேண்டும், அறாத இணைப்பு வேண்டும், நாளுக்கு நாள் வளரும் சேமிப்பிடம் வேண்டும். எனவே வாடகைக்குப் பிடிக்கிறார்கள். யாரிடம்? அமேசானிடம், கூகுளிடம், மைக்ரோசாப்டிடம், இன்னும் ஒரு சில நிறுவனங்களிடம்! கிளவுட், மேகம் என்று பெயர் சூட்டியதும் வானத்தில் மிதக்கிறதென மயங்குகிறார்கள். அது மிதக்கவில்லை, வேலியிட்ட கட்டடத்தில், பூட்டிய அறையில், ஒரு முதலாளியின் நிலத்தில் நிற்கிறது. வீதிதோறும் குடம் வைத்துவிட்டு, ஊரெல்லாம் நீர் என்கிறார்கள். குடங்கள் நிரம்புவதோ இரண்டொரு சீமான்களின் கிணற்றில்!

சான்று கேட்பீர். தருகிறோம்.

2020 நவம்பர் 11-இல், எத்தீரியம் வலையை அணுகப் பலரும் நம்பியிருந்த இன்ஃபுரா என்னும் ஒரே சேவை பழுதுற்றது; பணப்பைச் செயலிகள் திகைத்தன; பெரும் சந்தையொன்று எத்தீரியம் பணத்தை எடுப்பதையே நிறுத்தி வைத்தது. 2022 நவம்பரில், ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் கட்டடங்களிலிருந்த சொலானாக் கணினிகளைத் தடுத்தது. ஏறத்தாழ ஆயிரம் கணினிகள் அன்று வாயடைத்தன. 2025 அக்டோபர் 20-இல், அமேசானின் வடக்கு வர்ஜினியா மையம் தடுமாறியது. காயின்பேஸ் சந்தையின் வாடிக்கையாளர் பலர் தம் கணக்கைத் தாமே காண இயலாது தவித்தனர். தலைவனே இல்லாத ஏட்டுக்கு இத்தனை வாயிற்காவலர் ஏன்?

"ஏடு அழியவில்லையே! மற்றக் கணினிகள் அதனைக் காத்தனவே!" என்பர். உண்மை, ஒப்புகிறோம். ஆனால் ஏடு பத்திரமாக இருந்து, அதை ஏழை திறக்க முடியாவிடில், அவனுக்கு என்ன பயன்? கதவின் சாவியை வைத்திருப்பவன்தானே வீட்டின் தலைவன்!

சாவி என்றதும் இன்னொரு கதை. 2022 மார்ச்சில் ரோனின் என்னும் பாலத்திலிருந்து 60 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள பணம் களவுபோயிற்று. அதைக் காத்தவை ஒன்பது சாவிகள். ஐந்து கைக்கொண்டால் போதும். அவற்றுள் நான்கு ஒரே நிறுவனத்தின் வசம்! களவு நடந்து ஆறு நாள்வரை எவரும் அறியவில்லை. தன் பணத்தை எடுக்க வந்த ஒருவர் எடுக்க முடியாதபோதுதான் வெளிப்பட்டது. பரவலாக்கம் என்பது பலகையில்; சாவிக்கொத்து ஓர் இடுப்பில்!

திருத்தவே முடியாதது என்றார்களே, அதுவும் நிற்கவில்லை. 2016 சூனில் 'தி டிஏஓ' நிதியிலிருந்து 36 இலட்சம் ஈத்தர் கவரப்பட்டபோது, மனிதர் கூடினர், வாதிட்டனர், சூலையில் வலையையே கிளைபிரித்துப் பணத்தை மீட்டனர். ஏற்காதோர் பழைய கிளையிலேயே நின்றனர். மனிதர் முடிவு செய்ததைக் குறை கூறோம்; மனிதர் முடிவு செய்வதே இல்லை என்று கூறுவதைத்தான் பொய் என்கிறோம்.

அந்தப் பொய்யின் முதல் பலி யார்? 'யாரையும் நம்ப வேண்டா' என்ற சொல்லை நம்பிச் சேமிப்பைக் கொட்டும் சிறு ஊதியக்காரன். இரண்டாம் பலி நாம். தானே இயங்கும் என்று விளம்பரம் செய்த எந்திரம் நள்ளிரவில் நின்றால், ஒலிப்பது நமது தொலைபேசி, எழுவது நாம், மறுநாள் 'எங்கள் அமைப்பில் மனிதக் கை இல்லை' என்று மேடையில் பேசுவதோ வேறொருவர்!

பொறியியல் பயிலும் தோழர்களே! இத்துறைக்கு வாராதீர் என்று கூறோம். வருக, கண் திறந்து வருக. எந்த ஏட்டின் முன் நின்றாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கணினிகள் எவர் கட்டடத்தில்? சாவிகள் எத்தனை பேர் கையில்? திருத்தும் உரிமை எவரிடம்? விடையை மக்கள் காண எழுதி வைக்கச் சொல்லுங்கள். கணினிகளைப் பல நிறுவனங்களிலும் பல நாடுகளிலும் பிரித்து வையுங்கள். ஒரே மென்பொருளை எல்லோரும் ஓட்டாதீர். இயன்றோர் வீட்டில் ஒரு படி நடத்துங்கள். செலவு கூடும், கூடட்டும்! 'பரவல்' என்ற சொல்லுக்கு விலை அதுதான். விலை தராமல் சொல்லை மட்டும் விற்பது வாணிகமன்று, வஞ்சகம்.

நம்பாதே, சோதித்துப் பார் – நல்ல முழக்கம். அதை உரைத்தவர் மறந்துவிட்டால், நினைவூட்டும் கடமை நமக்கு.