‘ரன்னிங்’ எழுத ஏன் இரண்டு ‘என்’?

ஆறாம், ஏழாம் தரப் பிள்ளையளின்ர இங்கிலிஷ் கொப்பிகளைப் புரட்டினால் ஒரே மாதிரியான பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ‘ரன்னிங்’ என்பதில் ஒரு ‘என்’ விடுபட்டிருக்கும். ‘ஸ்லீப்பிங்’ என்பதில் ஒரு ‘பீ’ கூடியிருக்கும். சிவப்புப் பேனையால் சுழித்து, “பத்துத் தரம் எழுதிக்கொண்டு வா” எண்டு விட்டால் அலுவல் முடிஞ்சுது. அங்கே ஏன் இரண்டு, இங்கே ஏன் ஒன்று எண்டு பெரும்பாலும் ஒருத்தரும் சொல்லுறேல்லை.

காரணம் இருக்கு. அதுவும் எங்கட தமிழ்ப் பாடத்திலேயே இருக்கு.

கல் + அடி = கல்லடி (மட்டக்களப்புக்காரருக்கு நல்லாப் பழகின சொல்). கால் + அடி = காலடி. தனிக் குறிலுக்குப் பிறகு ஒரு மெய்யோடு சொல் முடிந்து, அடுத்தது உயிரில் தொடங்கினால் அந்த மெய் இரட்டிக்கும். நெடில் என்றால் இரட்டிக்காது. நன்னூல் சொல்லும் புணர்ச்சி விதிதான். இப்ப ‘ரன்’ என்பதை எடுங்கோ. குறில், பிறகு ஒரு மெய். ‘இங்’ உயிரில் தொடங்குது. ஆகவே ‘என்’ இரட்டிக்குது. ‘ஸ்லீப்’ நெடில், அதால ஒரு ‘பீ’ போதும். ஸ்விம்மிங், ஷொப்பிங் ஒரு பக்கம். ரீடிங், ஈட்டிங் மற்றப் பக்கம். கடலோரத்தில் ‘ல்’ இரட்டிக்காதது போலவே, இரண்டு அசையுள்ள ‘விசிட்’ என்பதும் இரட்டிக்காது. ‘பிகின்’ போன்ற சொற்களில்தான் தமிழ் கைவிடும். அங்கே கடைசி அசையை அழுத்திச் சொல்வதால் ‘என்’ இரட்டிக்கும். அதை மட்டும் தனியாகச் சொல்லிக் குடுக்கவேணும்.

‘ஸ்லீப்பிங்’ பிழைக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தமிழில் ஒற்றைப் ‘ப’ சொல்லின் நடுவில் வந்தால் மெலிந்து ஒலிக்கும். வல்லோசை வேண்டுமென்றால் ‘ப்ப’ போடவேணும். பிள்ளை அந்தக் காதோடதான் இங்கிலிஷையும் கேட்குது. இது மண்டையில் ஏறாததால் வந்த பிழையில்லை, தமிழ் நல்லாத் தெரிஞ்சதால் வந்த பிழை.

“இங்கிலிஷ் வகுப்பில தமிழ் வாயில வரக்கூடாது” என்பதைப் பேச்சுப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டலுக்கு அது வீண் பிடிவாதம். ‘சீ’ என்ற எழுத்து கேக்கில் ஒரு மாதிரியும் சிட்டியில் இன்னொரு மாதிரியும் ஒலிக்குது எண்டு மிரளுற பிள்ளை, கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ‘க’வை மூன்று விதமாக வாசிச்சுப் பழகின பிள்ளைதான். இதையெல்லாம் விட்டுட்டு, ‘ஈ’க்கு முன்னால் ‘ஐ’ வரும், ‘சீ’க்குப் பிறகு மட்டும் மாறும் என்ற வாய்ப்பாட்டைப் பாடமாக்க விடுறம். ‘சயன்ஸ்’ என்ற பாடத்தின்ர பெயரே அந்த விதிக்கு அடங்காது!

சின்ன வகுப்புக்குப் புணர்ச்சி விளங்காது எண்டு சிலர் சொல்லக்கூடும். புணர்ச்சி என்ற சொல்லே வேண்டாம். குறில், நெடில் தெரிஞ்சால் காணும். கரும்பலகையில் ஒரு பக்கம் கல்லடி, காலடி; மற்றப் பக்கம் ரன்னிங், ஸ்லீப்பிங். என்ன ஒற்றுமை எண்டு பிள்ளையளிட்டையே கேட்கலாம்.