ஓடின குதிரைக்காக நாமும் ஓடலாமா?



விளையாட்டு விழாவில் நாம் பரிசுக்காக ஓடுகிறோம். யார் முதலில் வந்தாலும் சரி, கட்டுகிற காசு நல்ல காரியத்துக்குப் போகும் என்று ஓடுகிற ஓட்டமும் இருக்கிறது. சென்னையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் அப்படி ஓடுகிறார்கள். வெளிநாட்டில் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைக்காகக்கூட ஓடுறாங்களாம். இதைச் சொன்னதும் எங்க வகுப்பே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன்.

பந்தயக் குதிரை 2 வயசிலேயே ஓட ஆரம்பிக்கிறது. பெரும்பாலான குதிரைகள் 10 வயசுக்குள் பந்தயத்தை விட்டு நின்றுவிடும். ஆனால் 25 வயசுக்கு மேலும் உயிர் வாழும். மிச்சக் காலத்துக்கு அதுக்குப் புல்லு போடுறது யார்? ஜெயித்த குதிரையை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்வார்கள். தோத்தது, கால் அடிபட்டது எல்லாம் கை மாறிக் கை மாறிப் போகும். மெரினா கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெயிலில் நடக்கிற குதிரைகளில் பந்தயத்தில் கழித்ததும் உண்டு.

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 160 ஏக்கரில் பூங்கா, குளம் என்று எல்லாரும் பேசினாங்க. குதிரை எங்கே போகும்னு ஒருத்தரும் கேட்டு நான் பார்க்கலை.

இதை வீட்டில் சொன்னபோது எங்க அப்பாயி, "ஆயுசு பூரா நாத்து நட்டவ நான். எனக்கே பென்ஷன் வாங்க எத்தனை நடை நடந்தேன்! குதிரைக்கு என்னடி பென்ஷன்?" என்றார்கள். அப்பாயி கேட்டது நியாயம்தான். ஆனால் உழைத்த உயிரைக் கடைசியில் கைவிடக் கூடாது என்பதுதானே அதற்கு அர்த்தம்? அந்த நியாயம் குதிரைக்கும் உண்டுதானே!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. போன வருஷம் குறுவை அறுப்பில் எங்க சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, உறையுதா என்று 20 நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். உறையலை. உடனே விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏத்தினாங்க. சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

அந்த மருந்து எப்படி வருதுன்னு அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவு சங்கத்தினர் பாம்பிடமிருந்து விஷம் எடுக்கிறார்கள். மருந்து செய்யும் இடத்தில் அந்த விஷத்தைக் குதிரை உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கிற சக்தி உண்டாகிறது. அந்த ரத்தத்தை எடுத்துப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள். வண்டி இழுத்து ஓய்ந்த குதிரையும், பந்தயத்தில் கழித்த குதிரையும் இதற்குப் பயன்பட்டிருக்கின்றன. வயலில் இறங்குகிற நம்ம வீட்டு ஆளுங்க உசுரு குதிரைக்குக் கடன்பட்டிருக்கு!

நம் பூம்புகாருக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அய்யனார் கோயில் மண்குதிரைக்கு நாம் மாலை போடுகிறோம். உயிருள்ள குதிரைக்கு என்ன செய்தோம்?

என் கருத்து இதுதான். முதல் பொறுப்பு, குதிரையை ஓடவிட்டுச் சம்பாதித்தவர்களுக்கு. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு பந்தயத் துறையினரே ஓய்வு பெற்ற குதிரைகளுக்கு ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இங்கேயும் ஒவ்வொரு பந்தயப் பணத்திலும் ஒரு பங்கைக் குதிரையின் வயசான காலத்துக்குக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும்.

அடுத்தது நாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தருமகுளத்திலிருந்து கடற்கரை வரைக்கும் ஓடுவோம். ஆளுக்கு 5 ரூபாய். ஓட முடியாதவங்க நடந்து வரலாம். 100 பேர் வந்தால் 500 ரூபாய். நீலகிரி மாவனல்லாவில் கைவிடப்பட்ட குதிரை, கழுதைகளை வைத்துக் காப்பாற்றும் காப்பகம் இருக்கிறது. அங்கே அனுப்பலாம். 500 ரூபாயில் ஒரு குதிரைக்கு ரொம்ப நாள் தீனி போட முடியாதுதான். ஆனாலும் கடனைக் கொஞ்சமாவது அடைக்கணும்ல?

சித்தப்பாவுக்கு ஏத்தின மருந்து குதிரை ரத்தத்தில் செய்தது என்று அப்பாயியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. பிறகு சுருக்குப் பையை அவிழ்த்து 10 ரூபாய் கொடுத்து, "எனக்கும் சேர்த்து நீயே ஓடு" என்றார்கள்.

நீங்க வர்றீங்களா? உங்கள் கருத்தை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி