விழுபவரின் பெயர்

கோடைக்காலத்தில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா தொடங்கிவிட்டால், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக ஊர் விழித்திருக்கும். விழாவின் உச்சநிகழ்வுகளுள் ஒன்று அருச்சுனன் தபசு. நட்டுவைத்த நெடுமரத்தில் அருச்சுனன் வேடமிட்ட கூத்தர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியில் நின்று அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பர். கீழே மெத்தை விரிப்பதில்லை. கால் தவறினால் என்னாகும் என்பதைப் பார்ப்போர் அனைவரும் அறிவர். ஏறியவர் இன்னார் என்பதையும் அறிவர்.

திரைப்படச் சண்டைக்காட்சியில் இவற்றுள் முன்னது உண்டு, பின்னது இல்லை. கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்பவரும் மாடியிலிருந்து விழுபவரும் யார்? நாயகனின் ஆடையும் நாயகனின் தலைமுடியும் அணிந்த அவருடைய முகத்தைப் படக்கருவி காட்டாது. காட்டாமலிருப்பதே அவருடைய தொழில்திறன் எனக் கருதப்படுகிறது.

தாய்லாந்தில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஓங் பாக்’ என்னும் திரைப்படத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். சிற்றூர்க் கோயிலிலிருந்து திருடப்பட்ட புத்தர் சிலையின் தலையை மீட்க நகரம் செல்லும் இளைஞனின் கதை அது. கதை எளியது, பொருட்செலவும் ஆலிவுட் படங்களோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆனால் கயிறு கட்டி இழுக்காமலும் கணினி வரைகலையின் துணையின்றியும் டோனி ஜா தாவியதைக் கண்டு உலகம் வியந்தது. ஒரே தாவலை இரண்டு மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டினார் இயக்குநர் பிரச்சயா பின்கேவ். ‘நம்பாவிட்டால் மீண்டும் பாருங்கள்’ என்று சொல்வதைப் போன்ற உத்தி அது.

அந்தத் தாவலுக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் இருந்தார். தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள கோன் கேன் பகுதியில், தலைநகரின் பெரிய நிறுவனங்களுக்கு அப்பால், தம் குழுவினரைக் கொண்டே குறைந்த செலவில் படங்கள் எடுத்துவந்த பன்னா ரித்திக்ராய் அவர். சுரின் மாநிலத்து உழவர் குடியில் பிறந்து, கோயில் திருவிழாக்களில் திரையிட்ட படங்களைப் பார்த்து வளர்ந்த டோனி ஜா, பதின்ம வயதிலேயே அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். வரைகலைக்குப் பணமில்லாத இடத்தில் உடலே முதலீடாயிற்று. பல்லாண்டுப் பயிற்சி அதன் வட்டி. திருவிழாத் திரையில் படம் பார்த்துவிட்டு மறுநாள் வைக்கோற்போரின் மேல் குட்டிக்கரணம் அடித்த சிறுவர்களை நம்மூர்களும் அறியும்.

எனினும் இவ்வியப்பில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. பன்னா இயக்கி 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘பார்ன் டு ஃபைட்’ படத்தின் இறுதியில், படப்பிடிப்பில் அடிபட்டோரின் காட்சிகளும் ஓடுகின்றன. காயமே விளம்பரமாகிறது. உண்மையான வீழ்ச்சியைப் பார்க்க விரும்பும் சுவைஞர், உண்மையான எலும்பு முறிவுக்கும் சேர்த்தே நுழைவுச்சீட்டு வாங்குகிறாரா என்னும் கேள்வி எழாமல் போகாது.

அக்கேள்வி காஞ்சிபுரத்துக்குத் தொலைவில் உள்ளதன்று. 2025 சூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பொன்றில், மகிழுந்து உருளும் காட்சியில் நடித்த சண்டைக்கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர். அதற்கு முந்தைய ஆண்டும் இதே சூலையில், சென்னைப் படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்து மற்றொரு கலைஞர் இறந்தார். இந்த இறப்புக்குப் பிறகுதான், இந்தியத் திரையுலகின் சண்டைக்கலைஞர்கள் 650 பேருக்கும் மேற்பட்டோருக்கு நடிகர் அக்சய் குமாரின் முயற்சியால் காப்பீடு கிடைத்துள்ள செய்தி பரவலாகப் பேசப்பட்டது. பாராட்டத்தக்க செயல், ஐயமில்லை. ஆனால் ஒரு தொழிலின் பாதுகாப்பு தனியொருவரின் ஈகையாக அமைவது அத்தொழிலுக்குப் பெருமையா?

கணினி வரைகலை வளர்ந்துவிட்டது, மனிதரை விழவைக்கவே வேண்டாம் என்பர் சிலர். கேட்க இனிதாயினும் இவ்வாதம் பொருந்தாது. எடையற்ற உருவம் பறப்பதற்கும் எடையுள்ள உடல் தாவுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண் உடனே உணர்கிறது. சிலம்பத்தில் கம்பு சுழலும் ஓசைக்கு ஈடாக வரைகலையில் என்ன உண்டு? கலையை ஒழிப்பதைவிடக் கலைஞரைக் காப்பதே வழி. நம் படங்களின் தொடக்க எழுத்துகளில் ‘சண்டைப்பயிற்சி’ என்று ஒருவர் பெயர் வரும். ‘பயிற்சி’ என்னும் அச்சொல் அழகியது. ஆனால் பயிற்சி பெற்று விழுந்தவர்களின் பெயர்கள் அதனருகில் இடம்பெறுவது அரிது.

சிறப்புகள் மெல்ல வரத் தொடங்கியுள்ளன. தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டைக்காட்சி அமைப்புக்கான விருது 2017ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. பீட்டர் ஹெயின் அதனைப் பெற்றார். பின்னர் அன்பறிவ் இரட்டையரும் பெற்றனர். ஆசுகர் விருதுக்குழுவோ 2027இல் வெளிவரும் படங்களிலிருந்து இத்துறைக்கும் விருது வழங்கவிருப்பதாக அறிவித்துள்ளது. இவையெல்லாம் காட்சியை அமைப்பவருக்கு உரியவை. விழுபவர் இன்னும் வெளியிலேயே நிற்கிறார்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைச் சொல்லும் அவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்றும் விதிக்கின்றன. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன், ஏரியைப் பராமரித்தவரிடம் ஊர் கணக்குக் கேட்டது. பாய்தளத்தின் உயரம் என்ன, வண்டியின் வேகம் என்ன, மெத்தையைச் சோதித்தவர் யார், மருத்துவ ஊர்தி எங்கே நிற்கிறது, விழப்போகிறவரின் பெயர் என்ன என்று ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு எழுதிக் கையொப்பமிட்டு வைக்கும்படி திரைப்படத் தயாரிப்பாளரிடம் இன்று கேட்பது மிகையாகாது. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அதை எழுதிவிடலாம்.