கோப்பை நம்முடையது, குழந்தை யாருடையது?

"நம்ம ஆளு மேல நம்மளே கேஸ் குடுக்கலாமா?"

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியின் அம்பேத்கர் மன்றத்தில் சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் சாதி இந்து அல்ல. எங்களோடு உட்கார்ந்து பஞ்சமி நிலத்துக்கு மனு எழுதியவர். இரட்டைக் குவளைக்கு எதிராக டீக்கடை வாசலில் நின்றவர். அவருக்குப் பின்னால் சுவரில் பாபாசாகேப் படம். படத்துக்குக் கீழே அலமாரி நிறையக் கபடிக் கோப்பைகள்.

புகார், அந்தக் கோப்பைகளை வாங்கித் தந்த பயிற்சியாளர் மீது. நம் சமூகத்தவர். ஒரு பைசா வாங்காமல் விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்பார். அப்பா அம்மா இருவரும் சிப்காட் ஷிஃப்டுக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன் காசில் முட்டை வாங்கிக் கொடுப்பார். அவரிடம் ஆடிய இரண்டு பையன்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனார்கள். ஊரே அவரை 'சார்' என்றது. அப்போது ஒரு குழந்தை வாய் திறந்தது. ஊர் காதைப் பொத்திக்கொண்டது.

அந்தக் குழந்தை யார், என்ன வயது, என்ன நடந்தது என்பதை இங்கே எழுத மாட்டோம். சட்டமும் விடாது, மனமும் விடாது. நாம் இப்போது பேச வேண்டியது நம்மைப் பற்றி.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதா? ஆகஸ்ட் 2024. பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. என்.சி.சி.க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சீருடை போலி, பயிற்சி போலி. இரவு பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்ட மாணவிகளில் ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் நிர்வாகத்திடம் சொன்னபோது கிடைத்த பதில், வெளியே சொல்லாதே என்பதுதான் என்கிறது போலீஸ் வழக்கு. முகாம் நடத்தியவரோடு பள்ளியின் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். முதன்மைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் நாம் தமிழர் கட்சிப் பொறுப்பில் இருந்தவர். கட்சி அவரை நீக்கிவிட்டுக் கை கழுவியது. சில நாட்களில் அவர் எலி மருந்து தின்று இறந்துபோனார். அதன் பிறகு ஊரெல்லாம் பேசியது அவர் சாவின் மர்மத்தைத்தான். சிறுமி பேச்சிலிருந்தே மறைந்துபோனார்.

அந்த நிர்வாகம் எதைக் காப்பாற்றப் பார்த்தது? பள்ளியின் பேரை. அட்மிஷனை.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை பத்மா சேஷாத்ரி பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் புகார் சொன்னார்கள். அவர் கைதானார். உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. ஒரு குறிப்பிட்ட சமூகத்தார் நடத்தும் பள்ளி என்பதால் குறிவைக்கிறார்கள் என்று கூச்சல் போட்டது. 2023-ல் கலாக்ஷேத்ரா மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். நிர்வாகம் முதலில் வதந்தி என்றது. 1936-ல் தொடங்கிய நிறுவனம், அதன் மரபுக்குக் களங்கம் என்று ரசிகர்கள் பதறினார்கள். ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார்.

அப்போதெல்லாம் நாம் எவ்வளவு எழுதினோம்! பார்ப்பன நிறுவனங்களின் மூடிய கதவுகளைப் பற்றி, சாதிப் பாசம் கண்ணை மறைப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். எழுதியது தப்பில்லை. ஆனால் "எங்க ஸ்கூல், எங்க ஆளு, எங்களைக் குறிவைக்கிறாங்க" என்ற அதே பேச்சு உடை மாற்றிக்கொண்டு நம் மன்றத்துக்கே வந்தபோது நமக்கு அது அடையாளம் தெரியவில்லை.

அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதை இதைப் புரிந்துகொள்ள உதவும். அந்த நாட்டுக் கால்பந்து, கையால் பந்தைப் பிடித்து மோதி ஆடும் ஆட்டம். பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ அந்த ஊருக்குக் குலதெய்வம். அவருக்குத் துணைப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, 1977-ல் ஏழைச் சிறுவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். அதன் வழியாகத் தன்னிடம் வந்த சிறுவர்களைத்தான் அவர் சிதைத்தார். 2001-ல் பல்கலைக்கழகக் குளியலறையில் அவர் ஒரு சிறுவனோடு இருந்ததை இளம் பயிற்சியாளர் ஒருவர் கண்ணால் பார்த்தார், பட்டர்னோவிடம் சொன்னார். பட்டர்னோ மேலிடத்தில் சொன்னார். மேலிடம் போலீசுக்குப் போகவில்லை. பத்து ஆண்டுகள் அப்படியே ஓடின.

2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். நான்கே நாளில் பட்டர்னோ நீக்கப்பட்டார். அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு டிவி வேனைக் கவிழ்த்தார்கள். அந்தக் கோபம் சிறுவர்களுக்காக வந்ததல்ல, தங்கள் பயிற்சியாளரை நீக்கியதற்காக வந்தது. இரண்டு நாள் கழித்துப் பாதிக்கப்பட்டவர்களுக்காக மெழுகுவத்தி ஏந்தி நின்றதும் அதே பல்கலைக்கழகத்து மாணவர்கள்தான். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்தி முதலில் ஓடியது, மனசாட்சி பின்னால் வந்து சேர்ந்தது.

2012-ல் சாண்டஸ்கி 45 குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். அணியின் பழைய வெற்றிகள் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன. 2015-ல் அவை திரும்பக் கொடுக்கப்பட்டன. பட்டர்னோவின் கணக்கில் மறுபடி 409 வெற்றிகள். ரசிகர்கள் அந்த 409-ஐக் கொண்டாடினார்கள். 45-ஐ எந்தச் சட்டையில் அச்சடிப்பது?

சாண்டஸ்கி எந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார் என்று கவனியுங்கள். அப்பா இல்லாத பிள்ளை, வசதி இல்லாத பிள்ளை, ஒரு டிக்கெட்டுக்கும் ஒரு ஜோடி ஷூவுக்கும் நன்றி சொல்லும் பிள்ளை. நம் காலனியிலும் அதே கணக்குதான். ராத்திரி ஷிஃப்டு முடிந்து அம்மா வரும்போது பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும். பிள்ளை வரும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் அடுத்த கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பாள். நடுவில் இருக்கும் அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வந்தால் நாம் கும்பிடத்தான் செய்வோம். அந்தக் கும்பிடுதான் அவருக்குக் கவசம். யாரிடம் நாம் அதிகமாக நன்றிக்கடன் பட்டிருக்கிறோமோ, அவரைக் கேள்வி கேட்கத்தான் நமக்கு நாக்கு எழுவதில்லை.

மன்றத்தில் எங்களுக்கு எதிராக ஒரு வாதம் வைக்கப்பட்டது. அதை மறைக்க மாட்டோம். "சாதி மீறிக் காதலிச்ச நம்ம பசங்க மேல போக்சோ போட்டு உள்ள தள்றாங்க. அதே சட்டத்தை நீங்களே நம்ம ஆளு மேல போடுறீங்களா?" முதல் பாதி உண்மை. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகச் சில மாதம் இருந்தால் போதும், நம் பையனை ஒழிக்க அந்தச் சட்டத்தை ஆயுதமாக்கிய வழக்குகளை நாங்களே பார்த்திருக்கிறோம், ஜாமீனுக்கு அலைந்திருக்கிறோம். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் காதலித்தது ஒன்று. அணியில் சேர்ப்பதா நீக்குவதா என்ற அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் வளர்ந்த ஆள் ஒரு குழந்தையைத் தொட்டது வேறு ஒன்று. முதலாவதில் நாம் பட்ட காயத்தைக் காட்டி இரண்டாவதை மூடுவது, நம் பையன்களுக்கே செய்யும் துரோகம்.

இன்னொருவர் சொன்னார்: "ரெண்டு பேரும் எஸ்.சி. வன்கொடுமைச் சட்டமே வராது." சரி, வராது. சட்டத்தின் பெயர் வராததால் கொடுமை இல்லை என்று ஆகிவிடுமா? நம் பிள்ளைக்கு வலிப்பதற்குக் கூடச் சாதி இந்துவின் கை வேண்டுமா?

அரசியலில் பக்தி வேண்டாம், தனிமனித வழிபாடு சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார் பாபாசாகேப். அந்தப் பேச்சை ஆண்டுதோறும் துண்டறிக்கையில் போடுகிறோம். அவர் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து ஒரு கபடி சாரைக் கடவுளாக்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் குற்றம். பதினோரு நாள் தாமதித்தோம். ஊரைப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நினைத்தோம். இயக்கம் உடைந்துவிடுமோ என்று பயந்தோம். போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி, குழந்தை மீது குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. இதைப் பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பெடுத்தவர்கள் நாங்கள். குழந்தையின் நியாயத்துக்கு ஊரின் சம்மதம் எதற்கு? அந்தப் பதினோரு நாளும் அந்தப் பிள்ளை அதே மைதானத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனது.

கடைசியில் புகார் கொடுத்தோம். வழக்கு நடக்கிறது. மன்றத்தில் சிலர் இன்றும் எங்களோடு பேசுவதில்லை. குடும்பம் எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் போய்விட்டது. கோப்பைகள் அதே அலமாரியில் இருக்கின்றன.

வேறு மாதிரியும் நடக்க முடியும். பிப்ரவரி 2025-ல் இதே மாவட்டத்தில் அரசுப் பள்ளி மாணவி ஒருவர் மீதான பாலியல் வன்முறைக்காக மூன்று ஆசிரியர்கள் கைதானார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. 'ஏன் வரல?' என்ற ஒரு கேள்வி. பள்ளியின் பேர் என்ன ஆகும் என்று யோசித்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

நம் காலனிகளிலும் மன்றங்களிலும் இனி இது நடக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கும் இரவு முகாமுக்கும் பிள்ளைகளோடு தாய்மார்கள் இருவராவது போக வேண்டும். முகாம் நடத்த வருபவர் யார், யார் அனுமதி கொடுத்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். பயிற்சியாளர் எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துச்செல்லக் கூடாது. 1098 என்ற எண்ணைக் கோப்பைகள் இருக்கும் அலமாரியிலேயே ஒட்டிவைக்க வேண்டும். புகார் வந்தால் மன்றக் கூட்டம் போடக் கூடாது, நேராக ஸ்டேஷன். குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். பிள்ளையோடு நிற்பது மட்டும் நம் வேலை.

கபடி வேண்டாம் என்று சொல்லவில்லை. மைதானத்தில் நம் பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பாடிப் போகும்போது நமக்கும் நெஞ்சு நிமிர்கிறது. அந்த மைதானத்தை வாங்க நாம் போட்ட சண்டை கொஞ்சமல்ல. அந்தப் பிள்ளை நல்ல ரெய்டர். இப்போது விளையாடுவதில்லை.

"நம்ம ஆளு மேல நம்மளே கேஸ் குடுக்கலாமா?" என்று கேட்ட தோழருக்கு அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறோம். தோழரே, அந்தக் குழந்தையும் நம்ம ஆளுதான்.

ஜெய் பீம்.